புதிய சிஸ்டம் கால் வருகிறது: அதை எப்படிப் படித்துப் பார்ப்பது?

நாம் எழுதும் எந்த நிரலும் வட்டைத் தானாகத் தொட முடியாது. நெட்வொர்க் அட்டையோடு நேரடியாகப் பேசவும் முடியாது. எதுவானாலும் இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் கேட்டுத்தான் பெற வேண்டும். அந்தக் கோரிக்கைக்குச் சிஸ்டம் கால் என்று பெயர். லினக்ஸில், 64 பிட் இன்டெல் வகைக் கணினிகளில், கோப்பைப் படிக்கும் ‘ரீட்’ அழைப்பின் எண் 0, எழுதும் ‘ரைட்’ 1, திறக்கும் ‘ஓபன்’ 2, மூடும் ‘க்ளோஸ்’ 3. நிரல் அந்த எண்ணைச் செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடமான ஒரு ரெஜிஸ்டரிலும் தேவையான விவரங்களை மற்ற ரெஜிஸ்டர்களிலும் வைத்துவிட்டு ஒரு தனிக் கட்டளையை இயக்குகிறது. கட்டுப்பாடு கெர்னலுக்குப் போய், வேலை முடிந்ததும் ஒரு விடையோடு திரும்பி வருகிறது.

இப்படிப்பட்ட ஓர் அழைப்பைப் புதிதாகச் சேர்க்கலாம் என்று யாரோ முன்மொழிகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த முன்மொழிவையும் அதனோடு வரும் ஆவணத்தையும் நீங்கள் பரிசீலிக்க வேண்டும். எதைப் பார்ப்பீர்கள்?

முதலில், இதில் ஏன் இத்தனை கெடுபிடி என்று பார்த்துவிடலாம். ஒரு நூலகத்தில் உள்ள ஃபங்ஷன் சரியில்லையென்றால் அடுத்த பதிப்பில் மாற்றிவிடலாம். பயன்படுத்துகிறவர்கள் முணுமுணுத்துக்கொண்டே தங்கள் நிரலைத் திருத்திக்கொள்வார்கள். கெர்னலில் அது நடக்காது. என்றோ கம்பைல் செய்யப்பட்ட நிரல், அதன் மூலநிரல் தொலைந்தேபோயிருந்தாலும், இன்றைய கெர்னலிலும் ஓட வேண்டும். பயனர் நிரல்களை உடைக்கக் கூடாது என்பதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எவ்வளவு பிடிவாதமானவர் என்பது அந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும்.

2019 செப்டம்பரில் லினக்ஸ் கெர்னலின் 5.3 பதிப்பு வெளிவரும் தறுவாயில் நடந்தது இதற்கு நல்ல சான்று. எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒரு மாற்றம் செய்திருந்தார்கள்; கணினி தொடங்கும்போது வட்டைப் படிக்கும் தடவைகள் குறைந்தன. வேகம் கூடியது, நல்லதுதானே? ஆனால் கெர்னல் தன் தற்செயல் எண்களுக்கான மூலப்பொருளில் ஒரு பகுதியை அந்த வட்டு நடமாட்டத்திலிருந்துதான் திரட்டிக்கொண்டிருந்தது. நடமாட்டம் குறைந்ததும் அந்தச் சேமிப்பு நிரம்பத் தாமதமாயிற்று. தற்செயல் எண் கேட்கும் ‘கெட்ரேண்டம்’ அழைப்போ, சேமிப்பு நிரம்பும்வரை காத்திருக்கும்படி வடிவமைக்கப்பட்டது. அதன் விளைவாகச் சில கணினிகள் தொடங்காமல் பாதியிலேயே நின்றன. எக்ஸ்ட்4 மாற்றத்தில் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் அதைத்தான் டோர்வால்ட்ஸ் திரும்பப் பெற்றார். 2014-இல் 3.17 பதிப்பில் ‘கெட்ரேண்டம்’ சேர்ந்தபோது எடுத்த ஒரு முடிவு, ஐந்து ஆண்டுகள் கழித்து, தொடர்பே இல்லாத ஒரு கோப்பு முறைமையின் கையைக் கட்டிப்போட்டது. ஆகவே கேள்விகளையெல்லாம் சேர்ப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

ஆவணத்தை முதலில் படியுங்கள்

புதிதாகப் பரிசீலிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் நேரே நிரல்வரிகளைத் திறக்கிறார்கள். பூட்டு சரியாகப் போடப்பட்டிருக்கிறதா, நினைவகம் விடுவிக்கப்படுகிறதா என்று தேடுகிறார்கள். தேவையான வேலைதான், ஆனால் அதைப் பிறகு செய்யலாம். உள்ளே இருக்கும் பிழையை அடுத்த வாரமும் திருத்த முடியும். வெளியே தெரியும் வடிவத்தைத்தான் திருத்த முடியாது. அந்த வடிவம் முழுதாகக் காணக் கிடைக்கும் இடம் கையேட்டுப் பக்கம், அதாவது மேன் பக்கம். யூனிக்ஸ் மரபில் கையேட்டின் இரண்டாம் பிரிவு முழுக்க சிஸ்டம் கால்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது.

பயிற்சிக்காக, எங்கும் இல்லாத ஓர் அழைப்பை எடுத்துக்கொள்வோம். பெயர் ‘ஃபைல்_வெயிட்’. முன்மொழிந்தவர் தந்த ஆவணம் இவ்வளவுதான்:

“ஃபைல்_வெயிட்(பாதை, நேரம்): பாதையில் உள்ள கோப்பு மாறும்வரை காத்திருக்கும். நேரம் மில்லிவிநாடிகளில். வெற்றி என்றால் 0, தோல்வி என்றால் -1.”

படிக்கும்போது குறையொன்றும் தெரியாது. இப்போது சொல் சொல்லாக நிறுத்திப் பார்ப்போம்.

‘மாறும்வரை’ என்றால் என்ன? உள்ளடக்கம் மாறுவதா, அனுமதிகள் மாறுவதா, பெயர் மாறுவதா? கோப்பை நினைவகத்தோடு பிணைத்து அங்கே எழுதினால் அதுவும் மாற்றம்தானா? கோப்பு மாற்றங்களைத் தெரிவிக்க லினக்ஸில் ஏற்கெனவே இருக்கும் ‘ஐநோட்டிஃபை’ அப்படிப்பட்ட எழுத்தைத் தெரிவிப்பதில்லை. கையேடு அதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. நம் ஆவணம் வாய் திறக்கவில்லை. வாய் திறக்காவிட்டால், நிரல்வரி இன்று என்ன செய்கிறதோ அதுவே நாளைய விதியாகிவிடும்.

அடுத்தது இதைவிடப் பெரிய ஓட்டை. ஒரு நிரல் கோப்பைப் படிக்கிறது. பிறகு ‘ஃபைல்_வெயிட்’ அழைக்கிறது. அந்த இரண்டுக்கும் நடுவில், கண்ணிமைக்கும் நேரத்தில், வேறொரு நிரல் கோப்பை மாற்றிவிட்டால்? நாம் படித்தது பழையது. காத்திருக்கத் தொடங்கியதோ மாற்றம் நடந்து முடிந்த பிறகு. இனி ஒரு மாற்றம் வரும்வரை, அது வராமலே போனாலும், நிரல் உட்கார்ந்திருக்கும். இதை நிரல்வரியில் எவ்வளவு பூட்டுப் போட்டும் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் ஓட்டை இருப்பது அழைப்பின் வடிவத்திலேயே. ‘ஐநோட்டிஃபை’ இதற்கு வேறு வழி பிடிக்கிறது: முதலில் கண்காணிப்பைப் பதிவு செய்துகொள், பிறகு கோப்பைப் படி; அதற்குள் நடப்பவை வரிசையில் சேர்ந்துகொண்டிருக்கும், வேண்டும்போது எடுத்துக்கொள். வரிசை நிரம்பி வழிந்தால் அதைச் சொல்லவும் ஒரு தனி நிகழ்வு வைத்திருக்கிறார்கள். ‘ஃபைல்_வெயிட்’டை இந்த ஒரு காரணத்துக்காகவே திருப்பி அனுப்பிவிடலாம். பயிற்சி என்பதால் மேலே போவோம்.

‘பாதை’யைப் பெயராகக் கொடுப்பதும் சிக்கல்தான். பெயர் இன்று ஒரு கோப்பைச் சுட்டும், அடுத்த நொடி வேறொன்றைச் சுட்டும்; நடுவில் வேறொரு பாதையைச் சுட்டும் குறியீட்டு இணைப்பு இருந்தால் யார் எங்கே திருப்பிவிடுவார்கள் என்று சொல்ல முடியாது. பெயருக்குப் பதில், ஏற்கெனவே திறந்த கோப்புக்குக் கெர்னல் தந்த எண்ணை வாங்கிக்கொண்டால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். செயல்முறைகளுக்கும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களுக்கும், இதே பாடம்தான். ஒரு செயல்முறை முடிந்த பிறகு அதன் எண் வேறொன்றுக்குப் போய்விடலாம். பழைய எண்ணுக்கு அனுப்பிய சிக்னல் என்னும் சிறு அறிவிப்பு தவறான இடத்தில் போய் விழும். அதனால்தான் 2019-இல் செயல்முறையைக் கோப்பு எண் போலவே பிடித்துக்கொள்ளும் ‘பிட்எஃப்டி’ வகை அழைப்புகள் வந்தன.

‘நேரம்’ பற்றியும் கேட்க வேண்டும். எந்தக் கடிகாரத்தின்படி? கணினி உறங்கும் நேரம் கணக்கில் சேருமா? சிக்னல் வந்து குறுக்கிட்டால் என்ன ஆகும்? ‘இன்னும் 500 மில்லிவிநாடி’ என்று சொல்லிக் காத்திருக்கும்போது சிக்னல் வந்து எழுப்பினால், நிரல் மீதியைக் கணக்கிட்டுத் திரும்ப அழைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகு சேரும். ‘இந்த நேரம் வரும்வரை’ என்று முடிவு நேரத்தைச் சொல்ல வழியிருந்தால் பிசகே இல்லை. நேரத்தை 32 பிட்டில் விநாடிகளாக வைப்பதும் கூடாது. அந்தக் கணக்கு 2038 ஜனவரி 19-ஆம் தேதி தீர்ந்துவிடும். 32 பிட் கணினிகளுக்காக நேரம் தொடர்பான அழைப்புகளை 64 பிட் வடிவில் மறுபடி சேர்க்க வேண்டிவந்தது, 2019-இல் 5.1 பதிப்பில் அது நடந்தது. இன்று ஒருவர் அதே தவறோடு வந்தால் மன்னிப்பதற்கில்லை.

கடைசியில் ஒரு ஃப்ளாக்

நம் அழைப்பில் இல்லாத ஒன்று இருக்கிறது: ஃப்ளாக்குகளுக்கான, அதாவது அழைப்பின் நடத்தையை மாற்றும் சிறு குறிகளுக்கான, இடம். நாளை ஒரு சிறு வேறுபாடு தேவைப்பட்டால் அதைச் சொல்ல வழியில்லை. அப்போது புதிய அழைப்பு ஒன்றையே சேர்க்க வேண்டியிருக்கும். லினக்ஸின் அழைப்புப் பட்டியலைப் பார்த்தால் இந்த வரலாறு பெயர்களிலேயே தெரியும்: பைப், பைப்2, டூப், டூப்2, டூப்3, அக்செப்ட், அக்செப்ட்4, ரீநேம்அட், ரீநேம்அட்2.

இவற்றில் பலவற்றுக்குப் பின்னால் இருப்பது ஒரே சிக்கல். நிரல் ஒரு கோப்பைத் திறந்ததும் கெர்னல் ஓர் எண்ணைத் தருகிறது. அந்த நிரல் வேறொரு நிரலைத் தொடங்கினால், திறந்திருக்கும் எண்களும் கூடவே போய்ச்சேரும், ‘புதிய நிரலுக்குப் போகும்போது மூடிவிடு’ என்று குறித்து வைத்திருந்தால் ஒழிய. பழைய அழைப்புகளில் திறப்பது ஒரு படி, குறிப்பது இன்னொரு படி. ஒரே நேரத்தில் பல இழைகள், அதாவது இணையாக நடக்கும் வேலைகள், ஓடும் நிரலில், ஓர் இழை திறந்து, குறிப்பதற்குள் இன்னோர் இழை புதிய நிரலைத் தொடங்கிவிட்டால், கோப்பு கைமாறிப் போய்விடுகிறது. கடவுச்சொல் உள்ள கோப்பாக இருந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. திறப்பதையும் குறிப்பதையும் ஒரே அழைப்பில் செய்ய ஒரு ஃப்ளாக் போதும். ஆனால் அதை வைக்க இடம் இல்லை. 2008-இல் 2.6.27 பதிப்பில் டூப்3, பைப்2, ஈபோல்_கிரியேட்1, ஐநோட்டிஃபை_இனிட்1, சிக்னல்எஃப்டி4, ஈவென்ட்எஃப்டி2 எல்லாம் ஒரே மூச்சில் வந்தது இதற்காகத்தான். புதிய அழைப்பு கோப்பு எண்ணைத் தருவதாக இருந்தால், இந்தக் குறிப்பு உடனே போடப்படுகிறதா என்று கேட்பது பரிசீலிப்பவரின் அன்றாடக் கேள்வி.

ஃப்ளாக் இடம் இருந்தால் மட்டும் போதாது. தெரியாத ஃப்ளாக் வந்தால் கெர்னல் மறுக்க வேண்டும். பழைய ‘ஓபன்’ மறுப்பதில்லை. புரியாததைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். பெருந்தன்மை போலத் தோன்றும் இந்தக் குணம் எதிர்காலத்தையே அடைத்துவிடுகிறது. புதிய ஃப்ளாக் ஒன்றைச் சேர்த்த பிறகு, அது பழைய கெர்னலில் வேலை செய்ததா, சத்தமில்லாமல் புறக்கணிக்கப்பட்டதா என்று நிரலால் அறிய முடியாது. 2013-இல் 3.11 பதிப்பில் பெயரில்லாத் தற்காலிகக் கோப்பைத் திறக்க ‘ஓ_டிஎம்பிஃபைல்’ சேர்த்தபோது ஒரு தந்திரம் செய்தார்கள்: ‘இது அடைவாக (ஃபோல்டராக) இருக்க வேண்டும்’ என்ற பழைய ஃப்ளாக்கின் பிட்டையும் அதற்குள் சேர்த்து, எழுதும் அனுமதியோடுதான் திறக்க வேண்டும் என்று விதித்தார்கள். பழைய கெர்னல் அதை ‘அடைவை எழுதத் திறக்கிறாய்’ என்று எடுத்துக்கொண்டு பிழை சொல்லும். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் இப்படி ஒரு கெட்டிக்காரத்தனம் தேவைப்பட்டதே முதல் வடிவமைப்பின் குறை. கோப்பை நினைவகத்தோடு பிணைக்கும் ‘எம்மேப்’பிலும் இதே கதை. 4.15 பதிப்பில், தெரியாத ஃப்ளாக்கை மறுப்பதற்கென்றே பகிர்வு வகையில் ஒரு புதுவகை சேர்த்தார்கள்.

2020-இல் 5.6 பதிப்பில் வந்த ‘ஓபன்அட்2’ இந்தப் பாடங்களையெல்லாம் படித்துத் தேறியது. தெரியாத ஃப்ளாக் என்றால் பிழை. விவரங்களை ஒன்றாகக் கட்டிய ஒரு தொகுப்பில், அதாவது ஸ்ட்ரக்டில், வைத்து, அதன் அளவையும் கூடவே அனுப்ப வேண்டும். நாளை ஸ்ட்ரக்ட் நீண்டால், பழைய நிரல் அனுப்பும் குட்டையான ஸ்ட்ரக்டில் இல்லாத பகுதியைக் கெர்னல் சுழியாக எடுத்துக்கொள்ளும். புதிய நிரல் பழைய கெர்னலுக்கு நீண்டதை அனுப்பினால், கூடுதல் பகுதி முழுக்கச் சுழியாக இருந்தால் ஏற்கும். இல்லையென்றால் ‘மிகப் பெரிது’ என்று மறுக்கும். ஒரு நல்ல இடைமுகத்துக்கு மாதிரி காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

ஸ்ட்ரக்ட் என்றதும் 32 பிட் நிரல் 64 பிட் கெர்னலில் ஓடும் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். உறுப்புகளுக்கு நடுவே கம்பைலர் தானாக இட்டு நிரப்பும் வெற்றிடம் இரண்டு பக்கத்திலும் ஒரே மாதிரி இருக்குமா? அந்த வெற்றிடத்தைச் சுழியாக்காமல் கெர்னல் திருப்பி அனுப்பினால் உள்ளே கிடந்த தரவு வெளியே கசியாதா? ஸ்ட்ரக்டே இல்லாமல் எண்களை வரிசையாக அனுப்பினாலும் தப்பவில்லை. லினக்ஸில் ஓர் அழைப்புக்கு ஆறு விவரங்கள்தான் உச்சம். 2.6.17-இல் வந்த ‘சிங்க்_ஃபைல்_ரேஞ்ச்’ நான்கே விவரங்கள் கேட்கிறது: கோப்பு எண், தொடங்கும் இடம், நீளம், ஃப்ளாக். 32 பிட் ஏஆர்எம் சிப்பில் 64 பிட் எண் ஒன்றுக்கு இரட்டைப்படை எண்ணில் தொடங்கும் ஒரு ஜோடி ரெஜிஸ்டர் வேண்டும் (ரெஜிஸ்டர்களை 0-இலிருந்து எண்ணுகிறார்கள்). கோப்பு எண் முதல் ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டதும் இரண்டாவது வீணாகிறது. பிறகு தொடங்கும் இடத்துக்கும் நீளத்துக்கும் இரண்டு ஜோடிகள். ஃப்ளாக்குக்கு ஏழாவது தேவைப்படுகிறது. அதனால் ஏஆர்எம்முக்கென்று ஃப்ளாக்கை இரண்டாம் இடத்துக்கு நகர்த்திய தனி வடிவம் சேர்க்க வேண்டிவந்தது. முன்மொழிவில் வரிசையை மாற்றி எழுதியிருந்தால் முடிந்துபோயிருக்கும் வேலை!

ஆவணம் எழுதினால் வடிவமைப்பு அம்பலமாகும்

2.6.22 பதிப்பில் ‘டைமர்எஃப்டி’ என்ற அழைப்பு வந்தது. டைமரைக் கோப்பு எண்ணாகத் தரும் நல்ல யோசனை. அப்போது கையேட்டுப் பக்கங்களைப் பராமரித்துவந்த மைக்கேல் கெரிஸ்க், அதைப் பழைய டைமர் அழைப்புகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பழையவற்றில், ஓடிக்கொண்டிருக்கும் டைமரில் எவ்வளவு மீதி என்று கேட்கலாம். புதிய நேரம் வைக்கும்போது முந்தைய அமைப்பைத் திரும்பப் பெறலாம். புதியதில் இரண்டும் முடியாது. 2.6.23-இல் அந்த அழைப்பை முடக்கிவைத்தார்கள். 2.6.25-இல் அது உருவாக்க ஒன்று, அமைக்க ஒன்று, கேட்க ஒன்று என மூன்று அழைப்புகளாகத் திரும்பி வந்தது. இன்றும் அதுதான் பயன்பாட்டில் இருக்கிறது.

இத்தகைய குறையை நிரல்வரியில் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் அங்கே தவறு எதுவும் இல்லை. இருக்க வேண்டியது இல்லை, அவ்வளவுதான். ஒரு பத்தியை எழுதும்போது ‘ஆனால்’, ‘இதற்கு விலக்காக’ என்று அடுக்கிக்கொண்டே போக நேர்ந்தால், மொழியைக் குறை சொல்லாதீர்கள், அழைப்பைச் சந்தேகியுங்கள். ‘ஈபோல்_கிரியேட்’ பக்கத்தைப் பாருங்கள்: அளவு என்று ஒரு விவரம் கேட்கிறது, 2.6.8-லிருந்து அது கண்டுகொள்ளப்படுவதில்லை. ஆனாலும் சுழியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். படிக்கிறவருக்குச் சிரிப்பு வரும், எழுதியவருக்கு வந்திருக்காது.

ஆவணத்தில் நான் அதிக நேரம் செலவிடும் இடம் பிழைகளின் பட்டியல். விவரம் செல்லாது என்பதைச் சொல்லும் ‘ஈஇன்வால்’ என்ற பிழை எண்ணைக் குப்பைத்தொட்டியாக்கி, ஏழெட்டுக் காரணங்களை அதிலேயே கொட்டிவிடுகிறார்கள். ஃப்ளாக் தெரியாததாலா, நேரம் எதிர்மறையானதாலா, இந்தக் கோப்பு முறைமை ஆதரிக்காததாலா என்று அழைத்தவருக்கு எப்படித் தெரியும்? அவர் அடுத்து செய்ய வேண்டியது வேறுபடும் என்றால் எண்ணும் வேறுபட வேண்டும். நம் ‘ஃபைல்_வெயிட்’டில் நேரம் முடிந்துபோனால் 0 வருமா, -1 வருமா என்றுகூடச் சொல்லவில்லை. பாதி வேலை நடந்து தோல்வி வந்தால் நடந்த பாதி என்ன ஆகிறது என்பதையும் கேளுங்கள்.

அனுமதி பற்றிய பத்தி சுருக்கமாக இருந்தாலும் தவறவிடக் கூடாது. ‘நிர்வாகிக்கு மட்டும்’ என்று எழுதி, கைக்கு எட்டியதற்காக ‘கேப்_சிஸ்_அட்மின்’ அதிகாரத்தைக் கேட்பது பழக்கமாகிவிட்டது. ஏற்கெனவே அளவுக்கு மீறிய வேலைகள் அதன் தலையில் கட்டப்பட்டிருக்கின்றன. ஒரு சின்ன வேலைக்காக அதைக் கொடுத்தால் கணினியின் பெரும்பகுதியையே கொடுத்ததாகிவிடும்.

மாதிரி நிரல் இருந்தால் அதைக் கம்பைல் செய்து ஓட்டிப் பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். பிறகு ஆவணத்தை மட்டும் வைத்துக்கொண்டு, நிரல்வரியைப் பார்க்காமல், நீங்களே ஒரு சோதனை நிரல் எழுதுங்கள்: எல்லா ஃப்ளாக் பிட்டும் 1, நேரம் எதிர்மறை, மூடிய கோப்பு எண், செல்லாத முகவரி, காத்திருக்கும்போது ஒரு சிக்னல். ஆவணம் சொன்னதும் கெர்னல் செய்ததும் எங்கெல்லாம் வேறுபடுகின்றனவோ, அதுவே நீங்கள் எழுத வேண்டிய மதிப்பீடு. கெர்னல் மூலநிரலோடு சேர்ந்தே தற்சோதனை நிரல்களுக்கென ஓர் அடைவு இருக்கிறது. நல்ல சோதனை என்றால் அங்கேயே சேர்த்துக்கொள்வார்கள்.

இவ்வளவு பார்த்தும் மனம் நிறையவில்லையென்றால், ‘இந்தப் பதிப்பில் வேண்டாம்’ என்று எழுதலாம். அதில் தயக்கம் தேவையில்லை. கோப்பு நிகழ்வுகளைக் கண்காணிக்கும் ‘ஃபேநோட்டிஃபை’ 2.6.36-இல் மூலநிரலுக்குள் வந்துவிட்டது. ஆனால் இடைமுகம் இன்னும் பழுக்கவில்லை என்று, பதிப்பு வெளியாவதற்கு முன் அதன் அழைப்புகளை அணைத்துவைத்தார்கள். 2.6.37-இல் திறந்துவிட்டார்கள். நடுவில் போனது ஒரு பதிப்பின் காலம்தான்.